பன்னிரண்டாம் சென்டிமீட்டர்

ஊசிமுனையைவிடச் சிறியது என்று தொடங்கப் பார்த்தேன்.
எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.
அளந்து சொல்கிறேன்:
ஒரு மில்லிமீட்டரைப் பத்தாக்கினால் ஒரு பங்கு.
பழுப்பு.
ஒரு பக்கம் அழுத்திச் சாய்த்த தொப்பி,
உயர்ந்த பக்கத்து விளிம்பில் முட்கள்,
நான்கு, சிலதில் ஆறு,
இதோ இதில் ஐந்து, ஒன்று ஒடிந்திருக்கிறது.

அடியில், நடுவை விட்டு விலகி, ஒரு துளை.
வாயா, வாயிலா?
தமிழில் ஒரே எழுத்துத் தூரம்.
அதன் வழியாகத்தான் தின்னும்,
அதன் வழியாகத்தான் கால் நீட்டும்.
காலும் சொந்தக் கால் இல்லை;
போகும்போது உடம்பிடம் கடன் வாங்கி
போய்ச் சேர்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும்
போலிக்கால்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள்.
இது முதலாவதை மட்டும் பார்த்தது.
ஏரித்தரையில் ஊர்ந்து
மணியளவு மணலாகப் பொறுக்கி
வயிற்றுக்குள் சேர்த்து வைக்கும்.
இரண்டாகப் பிரியும் நாளில்
அந்தக் கற்களைப் புது உடம்புக்கு அனுப்பி
மேலே பூசிவிடும்.
பழைய வீடு ஒன்றுக்கு, புது வீடு ஒன்றுக்கு.
பாகப்பிரிவினை முடிந்தது.
தாய் எது மகள் எது என்று கேட்பது நம் வழக்கம்.

சென்ட்ரோபிக்சிஸ் அக்குலியேட்டா.
பின்பாதிக்கு 'முள்ளுடையது' என்று பொருள் சொன்னேன்.
பெர்னடீன் சிரித்தாள்,
என் பெரியம்மாவுக்கும் அதே பெயர்தான் பொருத்தம் என்றாள்.

அது மார்ச். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
கிரேட் ஸ்லேவ் ஏரிக்கு வடக்கே
வரைபடத்தில் பெயரில்லாத சிறு ஏரி.
அவள் மொழியில் பெயர் உண்டு.
இரண்டு முறை சொன்னாள்,
இரண்டு முறையும் என் காது தவறவிட்டது,
மூன்றாம் முறை கேட்க வெட்கம்.
ஒரு மீட்டர் பனிக்கட்டியைத் துளைத்தது அவள்.
உலர்பனி நிரப்பிய உலோகப் பெட்டியை இறக்கியது நான்.
சேறு அதன் முகத்தில் உறைந்து ஒட்டி
ஈரக் கரும்பலகையாய் மேலே வந்தது.
கரையில் மூன்று மொழிகளில் பலகை:
இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்.

பொன்னுக்காகக் கல்லை வறுத்தார்கள்.
பொன் தெற்கே போனது,
புகை இங்கேயே இறங்கியது.
வெள்ளைப் பாஷாணம் வெள்ளைப் பனிமேல் விழுந்தால்
எது எது என்று யார் பிரிப்பது.
"பனியை உருக்கித்தான் அப்போது தேநீர்" என்றாள் பெர்னடீன்,
தன் பிளாஸ்கைத் திறந்தபடி.
அது ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்.

சோதனைக்கூடத்தில் சேற்றை
சென்டிமீட்டர் சென்டிமீட்டராகச் சீவினேன்.
இருபதில் ஊரே இருந்தது:
பேரிக்காய்கள், ஜாடிகள், குடுவைகள், ஒரு கிரீடம்.
பதினைந்தில் கொஞ்சம் கூட்டம் குறைவு.
பன்னிரண்டில்
முள்தொப்பிகள் மட்டும்.
ஒரு சொட்டில் நாற்பது, ஐம்பது,
எண்ணி எண்ணி அலுக்கும் அளவுக்கு அவை மட்டும்.
சுரங்கம் துப்பிய தூளையும்
அவை கட்டுமானத்தில் வைத்திருக்கலாம்.
நிரூபிக்க என்னிடம் கருவி இல்லை.
வீரம் என்று எழுத விரல் அரித்தது.
வீரம் இல்லை. இருந்தன,
மற்றவை இல்லை,
அட்டவணையில் அதற்கு மேல் கட்டம் கிடையாது.

ஓடு என்றால் தமிழில் ஓடிப்போ என்றும் பொருள்.
ஓட முடியாதவற்றுக்குத்தான்
ஓடு வாய்த்திருக்கிறது.

தூரிகை முனையை நாக்கில் நனைத்துக் கூராக்குவேன்,
பதினேழு வருடப் பழக்கம்.
இந்தச் சேற்றுக்கு மட்டும் கூடாது.
பன்னிரண்டில் நினைவிருந்தது,
எட்டில், ஐந்தில் நினைவிருந்தது.
இரண்டாம் சென்டிமீட்டரில்
முள்ளில்லாத ஒன்று,
பேரிக்காய், உடையாதது,
நெடுங்காலத்துக்குப் பிறகு ஒன்றே ஒன்று.
ஒன்றை வைத்து எதுவும் சொல்லக்கூடாது என்பது விதி.
அதைத் தொட்டு எடுக்க
முனை கூராக வேண்டும்.
கை தானாக வாய்க்குப் போனது.

பாதி வழியில் நின்றது.
குழாய்த் தண்ணீரில் நனைத்துக்கொண்டு திரும்பியபோது
அது சற்று உருண்டிருந்தது,
வாய் என் பக்கம்.